போட்டது, விட்டது

பள்ளிக்கூடத்துக்கு நூறு வயது ஆன அன்று
பாளையங்கோட்டை மைதானத்தில் எனக்கு டூட்டி.
கூட்டம் கலைந்தபின் மிஞ்சுவதைப் பார்க்கிற வேலை.
மாநகராட்சி சுகாதார ஆய்வாளன்;
சட்டைப்பையில் அபராத ரசீதுப் புத்தகம்,
நடுவில் கார்பன் தாள்.

கேட்டுக்கு வெளியே வறுகடலை வண்டி.
சுற்றிலும் முப்பது நாற்பது கூம்புப் பொட்டலம்,
எல்லாம் போன அரைப்பரீட்சை விடைத்தாள்.
ஒன்றில் ஒரு முக்கோணம் பாதியில் நின்றிருந்தது.
இருநூறு ரூபாய் எழுதினேன்.
பெயர் கேட்டதற்குப் பரமார்த்தலிங்கம் என்றார்.
கட்டத்துக்குள் அடங்கவில்லை.

அப்போதுதான் உள்ளே எண்ண ஆரம்பித்தார்கள்,
பத்து, ஒன்பது, எட்டு…
ஐந்நூறு பலூன்.
ஒவ்வொன்றின் வாலிலும் ஜிகினா ரிப்பன்,
ரிப்பன் முனையில் ஒரு பிள்ளையின் ஆசை எழுதிய அட்டை.
நானும் கைதட்டினேன்,
ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

கடலைக்காரர் அண்ணாந்து பார்த்தார்.
"அதுக்கு ரசீது கிடையாதா ஸார்?"
"அது மேலல்லா போகுது."
"கீழ வராதோ?"
கேட்டுவிட்டு
பத்தும் இருபதுமாய் எண்ணிக் கொடுத்தார்.

தை மாதத்து வாடை.
ஐந்நூறும் தெற்கே சாய்ந்து
கடுகாகி
இல்லாமல் போயின.

ராத்திரி படுக்கையில் தோன்றியது:
குப்பையைப் போடுகிறோம்.
பலூனை விடுகிறோம்,
புறா விடுவது போல,
பெருமூச்சு விடுவது போல.
போட்டவனுக்கு அபராதம், விட்டவனுக்குப் பொன்னாடை.
அப்புறம் அது விழுகிறது.
விழுவதற்கு மட்டும் ஆள் கிடையாது,
தானாக விழுகிறது.

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
தெருவில், சாக்கடையில், குளத்தில், பொது இடத்தில்
என்று போகிறது பட்டியல்.
வானம் பொது இடமா என்று கேட்டேன்.
மேலதிகாரி சிரித்தார்:
"அது எத்தனாவது வார்டு வே?"

மூன்றாம் நாள் பள்ளிக்கு ஒரு போன்.
முனைஞ்சிப்பட்டியிலிருந்து ஒரு பொம்பளை.
உடைமுள்ளில் மாட்டிக்கிடந்த அட்டையை எடுத்தாளாம்.
ஆறாம் வகுப்பு செய்யதலி பாத்திமா எழுதியது:
"எனக்கு ஒரு தம்பி வேணும்."
"பொறந்துட்டானா?" என்று விசாரித்தாளாம்.
பிரேயரில் வாசித்தார்கள், மறுபடியும் கைதட்டல்.
எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது,
இதை மறைக்க மாட்டேன்.

அதே வாரம்
மூலைக்கரைப்பட்டி கால்நடை மருந்தகத்தில்
கம்பவுண்டராக இருக்கும் என் மைத்துனன் சொன்னான்.
ஒரு சினையாடு இரை எடுக்காமல் இரண்டு நாள் கத்தி
மூன்றாம் நாள் போய்விட்டது.
அறுத்துப் பார்த்தால்
இரைப்பையில் சிவப்பு ரப்பர், ஒரு முழம் ரிப்பன்,
கூழாகிப்போன அட்டை.
எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரியவில்லை.
என்ன ஆசை என்றும்.
உள்ளே இரண்டு குட்டி.

இந்த வருஷமும் அழைப்பிதழ் வந்தது.
ஆயிரம் என்று போட்டிருந்தது.
ஆபீஸ் தாளில் பதில் எழுதினேன்:
"மைதானத்தில் பலூன் போட வேண்டாம்."
தலைமையாசிரியை ஜெபமலர் அதைத்
தமிழாசிரியரிடம் காட்டியிருப்பார் போல.
திரும்பி வந்த நகலில்
'போட' அடிக்கப்பட்டு
மேலே சிவப்பு மையில் 'விட'.
ஓரத்தில் ஒரு சின்ன அரை வட்டம்,
பிழை என்பதற்கு.

திருத்தம் சரிதான்.
இலக்கணத்தில் நான் எப்போதுமே மட்டம்.

கேட்டுக்கு வெளியே
பரமார்த்தலிங்கம் வண்டியில் இப்போது
ஒரு உரச்சாக்குத் தொங்குகிறது,
வெறும் பொட்டலம் போட.
காற்றடிக்கும்போது அது வயிறு உப்பி
வண்டியோடு கிளம்பிவிடுவதுபோல் எம்பும்.
மனிதர் கெட்டிக்காரர்,
வாயைச் சணலால் கட்டி வைத்திருக்கிறார்.